முசுறுக்காரி

என்னோடு தோட்டத்துக் கீழ்லயத்து வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்களே, இப்போது ஆளுக்கொரு முட்டிவலித் தைலத்தோடு ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்திருப்பவர்களே, இது உங்களுக்குத்தான்.

போன மாதம் மாத்தளையில் ஒரு கலியாண வீடு. உங்களில் ஒருத்தி, யாரென்று சொல்ல மாட்டேன், என் புது மருமகளிடம் என்னைக் காட்டி, "ஒங்க மாமியார் யாரு தெரியுமா? முசுறுக்காரி மக" என்றாள். சொன்ன கையோடு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள். அடி பைத்தியக்காரி! எதற்கு வாயைப் பொத்துகிறாய்? அது வசவாக இருந்தது ஒரே ஒரு வருசம்தான். அதற்குப் பிறகு அது பட்டம். மருமகள் பட்டணத்தில் வளர்ந்த பிள்ளை. "முசுறுன்னா என்னங்க மாமி?" என்று கேட்டாள். மேளச் சத்தத்துக்கு நடுவில் என்னத்தைச் சொல்வது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உங்களுக்கும் பாதி மறந்திருக்கும். அந்த மறந்த பாதியை இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

முசுறு என்றால் மரத்தில் குடியிருக்கிற சிவப்பு எறும்பு. பச்சை இலைகளை ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டு, தன் குஞ்சுப் புழுவை வாயில் கவ்வி, அந்தப் புழு விடுகிற நூலாலேயே இலையைத் தைத்து வீடு கட்டும். பார்க்க அழகு. கடித்தால் உயிர் போகும். கடித்த இடத்தில் பின்பக்கத்தை வளைத்துப் புளித்தண்ணீர் மாதிரி ஒன்றைப் பீய்ச்சி வேறு விடும். சளிப் பிடித்தால் ஒரு கூட்டை உள்ளங்கையில் கசக்கி மோந்து பார்ப்போமே, மூக்கு மட்டுமா, மண்டையே திறந்துகொள்ளும்.

சுதந்திரம் கிடைத்து ஒரு மாமாங்கம் ஆகியிருக்கும் அப்போது. நம் தோட்டத்தில் மேல்மலை ரப்பர், கீழ்மலை கொக்கோ. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் நம்மைப் பார்த்து "நெழல்ல வேல செய்றவங்க" என்று பொறாமைப்படுவார்கள். உண்மைதான். கொக்கோ மலைக்குள் நுழைந்தால் உச்சி வெயிலிலும் மாலை நேரம் போலத்தான் இருக்கும். காலடியில் காய்ந்த இலை கணுக்கால் வரை கிடக்கும். காய் கிளையில் தொங்காது. மரத்தின் உடம்பிலேயே, தண்டோடு ஒட்டிக்கொண்டு, மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கும். பெண்கள் துறட்டிக் கத்தியால் பறித்துக் குவித்து, மரக்கட்டையால் தட்டி உடைத்து, உள்ளே வெள்ளைச் சதையோடு இருக்கிற கொட்டைகளை வழித்து எடுப்பார்கள். அந்தச் சதையைச் சப்பிச் சப்பி நம் வாய் எல்லாம் வெந்துபோகும். ஞாபகம் இருக்கிறதா? கங்காணி சத்தம் கேட்டால் கொட்டையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு மரியாதையாக நிற்போம்.

கொட்டைகளை ஸ்டோரில் மரப்பெட்டியில் கொட்டி, வாழையிலை போட்டு மூடி வைப்பார்கள். அடுத்த நாள் கையை உள்ளே விட்டால் சுடும். அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. இந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கண்டக்கையாவிடம் ஒருமுறை கேட்டேன். மலை வேலைகளைப் பார்க்கிற உத்தியோகத்தர் அவர், காக்கிக் காற்சட்டையும் தொப்பியுமாகத் திரிவார். "அது வெயில்தாம்மா" என்றார். "மரம் குடிச்ச வெயில் இப்ப வெளிய வருது." என்னைக் கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

ஒரு காய்ப்புக் காலத்தில் என் தம்பி கைப்பிள்ளை. வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் அம்மை போட்டிருந்ததால் அம்மா அவனை மலைக்கே தூக்கிப் போனாள். தன் பச்சைச் சேலையைக் கொக்கோக் கிளையில் தொட்டிலாகக் கட்டி, அவனைப் போட்டுவிட்டுக் காய் பறித்துக்கொண்டிருந்தாள். சேலை வழியாக முசுறு இறங்கிவிட்டது. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் அவன் கண் இரண்டும் மூடிப் போய், முகம் ஊதிக் கிடக்கிறான். அழக்கூடத் தெம்பில்லை.  அம்மா ராத்திரி முழுக்க அவன் முகத்தில் சுண்ணாம்புத் தண்ணீர் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பயமாக இருந்தது, தம்பிக்காக இல்லை, அம்மாவின் முகத்தைப் பார்த்து.

மறுநாள் காலை, ஆள் பிரித்து வேலை கொடுக்கிற பெரட்டுக்களத்தில், அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். தம்பியை மடியில் வைத்திருந்தாள்.

"முசுறக் கொளுத்துற வரைக்கும் ஒரு காயும் பறிக்க மாட்டோம்."

ஒவ்வொருத்தியாகக் கூடையைக் கவிழ்த்தார்கள். யாருக்குத்தான் கடிபடவில்லை? கழுத்தில் விழுந்து, ரவிக்கைக்குள் புகுந்து, கண் இமையில் தொங்கி, எத்தனை வருசத்துக் கடி! சங்கத் தலைவர் வந்து எழுப்பிப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் துரையே வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, அவர்கள் போன பிறகு வந்த நம் நாட்டு ஆள். தமிழ் பேசுவார், ஆனால் அது துரைமாருக்கென்றே உள்ள தமிழ்.

"நீ என்னா பொம்பளே, எறும்புக்குப் பயந்து வேலைக்கிப் போகாதா?"

"சலாமுங்க தொரை. பயமெல்லாம் இல்லீங்க. இந்தப் புள்ள மொகத்தப் பாருங்க, அப்பறம் பேசுங்க."

துரை குனிந்து பார்த்தார். அவர் வீட்டிலும் கைப்பிள்ளை இருந்தது. நிமிர்ந்து கண்டக்கையாவிடம், "கொளுத்திப் போடு" என்றார்.

ஒரு பெண் சொல்லி, ஒரு துரை கேட்டது நம் தோட்டத்தில் அதுதான் முதல் தடவை. அம்மா நடந்து வந்தபோது லயத்துப் பெண்கள் எல்லாம் அவள் பின்னால் வந்தார்கள், தேருக்குப் பின்னால் வருகிற மாதிரி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரம் முழுக்கக் கொளுத்தினார்கள். மூங்கில் நுனியில் மண்ணெண்ணெய்த் துணியைச் சுற்றிக் கொளுத்தி, ஒவ்வொரு கூட்டுக்கும் பிடித்தார்கள். படபடவென்று பொரிகிற சத்தம். புகையே புளித்தது. நாம் எல்லோரும் "இன்னொண்ணு, அந்தா இன்னொண்ணு" என்று கூவிக்கொண்டு ஓடினோம். கீழே விழுந்ததைக் கோழிகள் பொறுக்கித் தின்றன. ஒரே ஒரு மரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. மலை நடுவில் நின்ற முனி பலா. அதன் அடியில்தான் முனியாண்டிக் கல்லும் சூலமும். அந்த மரத்தில் நெருப்புப் படக் கூடாது, இரும்பு படக் கூடாது. அதில் பழம்கூட விழுந்தால்தான் எடுப்போம். அந்தப் பலாவில் முசுறுக் கூடுகள் குலை குலையாகத் தொங்கிக்கொண்டே இருந்தன.

அந்தக் காய்ப்பு சுகமாகப் போனது. பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பறித்தார்கள்.

அடுத்த காய்ப்பில்தான் வந்தது வினை. பிஞ்சு விட்டதெல்லாம் கறுத்தது. பெரிய காய்களில் பொட்டுப் பொட்டாகக் கரும்புள்ளி விழுந்து, குழிந்து, வெடித்தது. மரத்தைத் தொட்டால் காய்ந்த பிஞ்சுகள் புகையிலைத் துண்டு மாதிரி உதிர்ந்தன. கண்டக்கையா ஒரு காயைத் திருப்பிக் காட்டினார். மெல்லிசாக, நீளக்கால் வைத்த ஒரு பூச்சி. முதுகில் ஒரு குண்டூசியைக் குத்தி நிறுத்தியது மாதிரி ஒரு முள். காயில் மூக்கைக் குத்திச் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், நமக்கு அது வாயில் நுழையவில்லை. நாம் குண்டூசிப் பூச்சி என்றே கூப்பிட்டோம். எங்கே பார்த்தாலும் அதுதான். மருந்து அடித்தார்கள். கொஞ்ச நாள் அடங்கியிருந்து மறுபடி வந்தது.

துரை மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பெரட்டுக்களத்தில் சொன்னார். "இது சரி வராது. கொக்கோ எல்லாம் வெட்டிட்டு ரப்பர் போடுறது. கீழ்லயத்து ஆள் எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் டிவிசன் போறது."

அந்தப் பக்கம் என்றால் உங்களுக்கே தெரியும். குளிர், ஓட்டை லயம், தண்ணீருக்கு மலை இறங்க வேண்டும். அதுவும் எல்லோருக்கும் ஒரே இடம் கிடைக்காது, பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். பெண்களுக்குக் கொக்கோ போனால் வேலையும் பாதி போனது. கீழ்லயத்தில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சோறு இறங்காத வாய்க்குப் பேச்சு மட்டும் வந்தது. பைப்படியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். "இவ வாயால வந்தது" என்றார்கள். அவர்களும்தான் கூடையைக் கவிழ்த்தார்கள்! அது யாருக்கு ஞாபகம் இருந்தது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எல்லோரையும்விடப் பெரிய சத்தம் பெரியப்பாவுடையது. அப்பாவின் அண்ணன், முனிக்குப் பூசாரி. லயத்து முற்றத்தில் நின்று, அம்மா உள்ளே இருக்கிறாள் என்று தெரிந்தே கத்தினார்.

"யாரக் கேட்டு நெருப்பு வச்சீங்க? மலையில உள்ள முசுறு பூரா முனி காவலுக்கு வச்ச ஆளுங்க. முனி மரத்தச் சுத்தி நிக்கிற கொக்கோவப் போய்ப் பாருங்க, ஒரு காய்ல ஒரு பொட்டு இல்ல. அது அவரு பாத்துக்கிட்டது. மிச்சமெல்லாம் அவரு கைவிட்டது. எல்லாம் இந்த முசுறுக்காரியால!"

அந்தப் பேர் அன்றைக்குப் பிறந்ததுதான். பள்ளிக்கூடம் போகிற வழியில் என்னை அப்படிக் கூப்பிட்டவர்கள் உங்களில் சிலர் உண்டு. யாரென்று ஞாபகம் இருக்கிறது. விடுங்கள்.

அம்மா முனியிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். தேங்காய், கற்பூரம், முனிக்கு ஒரு சுருட்டு. என்னையும் கூட்டிப் போனாள். பெரியப்பா சொன்னது பொய் இல்லை. முனி பலாவின் கிளைகள் எந்தெந்தக் கொக்கோ மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தனவோ, அந்த மரங்களில் எல்லாம் காய் பளபளவென்று இருந்தது. அம்மா கற்பூரத்தைக் கொளுத்திவிட்டுக் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள். "எம் புள்ள மொகத்தப் பாத்துத்தான் சாமி அப்புடிச் செஞ்சேன். வேற எதுக்கும் இல்ல சாமி." கேட்க எனக்குத் தாங்கவில்லை. வேறு பக்கம் திரும்பி ஒரு காயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காயில் ஒரு குண்டூசிப் பூச்சி வந்து உட்கார்ந்தது. மூக்கை நீட்டியது. குத்துவதற்குள் ஒரு முசுறு அதன் காலைப் பிடித்தது. அடுத்தது இன்னொரு காலை. பிறகு நாலைந்து. ஈரப் போர்வையை நாலு பெண்கள் நாலு மூலையில் இழுப்பது போல இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றன. பிறகு தூக்கிக்கொண்டு மேலே கூட்டுக்குப் போயின.

"அம்மா, அங்க பாரு. குண்டூசியத் தூக்கிட்டுப் போகுது."

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கற்பூரம் அணைந்துவிட்டது. இன்னொரு பூச்சி வந்தது, அதற்கும் அதே கதிதான். மூன்றாவது ஒன்று முசுறைக் கண்டதும் உட்காராமலே பறந்து போனது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத கண்ணோடு சிரித்தாள்.

"அடியே, ஒங்க பெரியப்பா சொன்னது சரிதான்டி. காவலுக்குத்தான் வச்சிருக்காரு. நாம காவக்காரனையில்ல நெருப்பு வச்சு வெரட்டியிருக்கோம்!"

நேராகக் கண்டக்கையாவிடம் போனாள். அவர் சிரிக்கவில்லை. அவரும் வந்து முனி மரத்தடியில் நின்று பார்த்தார். தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். "அப்பிடித்தாம்மா இருக்கணும்" என்றார். "இந்தப் பூச்சிக்கு மருந்து என்னான்னு தேடிக்கிட்டிருந்தேன். எதிரி யாருன்னு தேடல." துரையிடம் அவர்தான் போய்ப் பேசினார். என்ன பேசினாரோ, "சரி, அடுத்த காய்ப்பு வரை பாக்குறது. அப்பவும் கறுப்புன்னா வெட்டுறது" என்று துரை சொல்லிவிட்டார்.

அம்மா உடனே இறங்கிவிட்டாள். ஆற்றோரத்து மாமரத்திலிருந்து சாக்கில் ஒரு கூடு, பங்களா வேலியிலிருந்து ஒரு கூடு, ரோட்டோரத்து நாவல் மரத்திலிருந்து ஒரு கூடு என்று நானும் அவளும் கொண்டு வந்து பக்கத்துப் பக்கத்து மரங்களில் கட்டினோம். அப்புறம் நடந்ததுதான் யுத்தம். ஒரு கூட்டு முசுறு மற்றக் கூட்டு முசுறைக் கண்டதும் பாய்ந்தது. காலைக் கவ்விக் காலைக் கவ்வி, இடுப்பு இரண்டாகத் துண்டாகிற வரை விடவில்லை. மறுநாள் மரத்தடியில் செத்த முசுறு கைப்பிடி கைப்பிடியாகக் கிடந்தது. பார்க்க வந்த சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "முசுறுக்காரி குஸ்தி நடத்துறாடியோய்!"

அன்றைக்கு அம்மா அடுப்பு மூட்டவில்லை. உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அப்பாவிடம் சொன்னாள். "மேல்லயத்து ஆளும் கீழ்லயத்து ஆளும் பைப்படியில என்னா செய்றோம்? பாத்தா ஒரே மாதிரிதான் இருக்கோம். ஆனா ஒரே வீடு இல்ல. முசுறும் அப்புடித்தான். எல்லாத்தையும் ஒரே மரத்துல இருந்து எடுக்கணும்."

அத்தனை கூடு இருந்தது ஒரே மரத்தில்தான். முனி பலாவில்.

பெரியப்பாவிடம் கேட்கப் போனபோது நானும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. "இது நான் சொல்றதா, நீ சொல்றதா? அவரு சொல்லணும். வெள்ளிக்கெழம பூக்கட்டிப் பாப்போம்" என்றார்.

வெள்ளிக்கிழமை சனம் எல்லாம் முனி மரத்தடியில். ஒரு வாழையிலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் பேச்சே இல்லை. ஒரு பிள்ளைதான் எடுக்க வேண்டும். பெரியப்பா என்னைக் கூப்பிட்டார்.  அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம் வீடு, லயம், பைப்படி, நீங்கள் எல்லோரும், எல்லாம் அந்த இரண்டு வாழையிலைக்குள் இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பெரியப்பா பிரித்தார்.

வெள்ளை.

குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தில் பெரியப்பா மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரிக்காமலே தீச்சட்டிக்குள் போட்டதை நான் பார்த்தேன். சாமி காரியம், அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"பாதிக்கு மேல தொடக் கூடாது" என்றார் பெரியப்பா. "உச்சியில இருக்குற கூட்டுப் பக்கமே போகாதீங்க. அது முனிக்கு. மரத்துல கத்தி படக் கூடாது."

கத்தி படக் கூடாதென்றால் கையால்தான் ஒடிக்க வேண்டும். யார் ஏறுவது என்று எல்லோரும் முழித்தார்கள். மேல்மலையில் ரப்பர் பால் வெட்டுகிற, வீட்டிலும் வெளியிலும் வாய் திறக்காத என் அப்பா, சட்டையைக் கழற்றிவிட்டு, உடம்பெல்லாம் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறினார். பனி விலகாத காலை நேரம், முசுறு குளிருக்கு அடங்கியிருந்த நேரம். அப்படியும் விட்டுவைக்குமா? அப்பாவின் முதுகு சிவந்து சிவந்து தடித்தது. அவர் ஒரு "உஸ்" சொல்லவில்லை. ஒடித்து ஒடித்துக் கீழே தந்தார்.

அம்மா சாக்கை விரித்துப் பிடித்திருந்தாள். அடுத்த சாக்கைப் பிடிக்க ஆள் வேண்டும். பைப்படியில் முதல் ஆளாகக் குடத்தை எடுத்துக்கொண்டு போனவள் முன்னால் வந்து பிடித்தாள். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் பின்னால் எல்லோரும் வந்தார்கள். எந்தக் கையெல்லாம் கொளுத்தச் சொல்லிக் கூடையைக் கவிழ்த்ததோ அந்தக் கையெல்லாம் அன்றைக்குச் சாக்குத் தூக்கியது. நாம், பிள்ளைகள், காட்டுக்கொடி அறுத்து வந்து மரத்துக்கு மரம் கட்டினோம். முசுறு நடக்கப் பாலம்! முனி பலாவிலிருந்து கொக்கோ மரத்துக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று மலை முழுக்கக் கொடி ஓடியது. ஆற்றோரத்து முசுறுக்கு மலையின் அடிப்பக்கத்தைக் கொடுத்தோம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரிசை மரத்தைக் கொடி இல்லாமல் விடச் சொன்னாள் அம்மா. சண்டைக்காரர்களை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் என்று லயத்துப் பெண்ணுக்குச் சொல்லித் தரவா வேண்டும்?

கடிபடாத ஆள் யாருமில்லை. பிடரியில் கடி, காது மடலில் கடி, கண்டக்கையாவுக்குக் காற்சட்டைக்குள் கடி. அவர் தொப்பியைக் கீழே போட்டுவிட்டு ஓடிய ஓட்டத்தை மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். பொழுது ஏறி வெயில் மரத்துக்குள் இறங்கியதும், கூட்டிலிருந்து ஒன்று வெளியே வந்து கொடியில் மீசையால் தட்டிப் பார்த்தது. திரும்பிப் போய் இன்னொன்றைக் கூட்டி வந்தது. கொஞ்ச நேரத்தில், பெரட்டு கலைந்து ஆள் மலைக்குப் போகிற மாதிரி, வரிசை வரிசையாகக் கொடியில் போனது. நாம் எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

தொட்டிலுக்கு என்ன செய்தோம் தெரியுமா? தொட்டில் கயிற்றில் வேப்பெண்ணெய் நனைத்த ஒரு துணியைச் சுற்றிக் கட்டினாள் அம்மா. முசுறு அதுவரை வந்து, மோந்துவிட்டுத் திரும்பிப் போனது. அவ்வளவுதான். ஒரு முழத் துணி. அதைக் கட்டத் தோன்றாமல் ஒரு மலையையே கொளுத்தியிருக்கிறோம். அம்மா அந்தத் துணியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு நான் வாத்தியாராகி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் எடுத்தேன். புத்தகத்தில் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று வரிசையாகப் போட்டிருக்கும். நான் அதை அழித்துவிட்டுக் கொக்கோ மரம் வரைவேன். வெயிலை இலை குடிக்கிறது. இலையின் சாற்றை வெள்ளை மாவுப்பூச்சி குடிக்கிறது. மாவுப்பூச்சியை முசுறு மாடு மாதிரி மேய்த்துத் தேன் கறக்கிறது. அதே முசுறு குண்டூசியைத் தின்கிறது, முசுறை மரங்கொத்தி தின்கிறது. உதிர்ந்த இலையும் உடைத்த காயின் கோதும் மக்கி மறுபடி மரத்துக்குள் போகிறது. பெட்டிக்குள் கொதிக்கிற கொட்டையும் அந்த வெயில்தான், அதைப் பறித்துச் சோறு தின்ற நாமும் அந்த வெயில்தான். கண்டக்கையா என்னைக் கிண்டல் பண்ணவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. முசுறுக் கூட்டத்துக்கு ராணி ஒன்றுதான். அது இருந்தது அந்த உச்சிக் கூடுகளில் ஏதோ ஒன்றில்தான். முனிக்கு என்று விட்டதால்தான் நம் மலை பிழைத்தது.

ஆமாம், பிழைத்தது. அடுத்த காய்ப்பில் கரும்பொட்டு அங்கொன்றும் இங்கொன்றும்தான். மரத்தில் மஞ்சள் விளக்கேற்றியது போலக் காய். துரை பார்க்க வந்தார். மரத்தைத் தடவினார், காயைத் தட்டினார், கொடிப் பாலத்தை நிமிர்ந்து பார்த்தார். "யார் செஞ்சது?" என்றார். கண்டக்கையா வாயைத் திறப்பதற்குள் பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் அம்மாவைக் காட்டினார்கள்.

"முசுறுக்காரிங்க தொரை!"

துரை அம்மாவின் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் மேலேயிருந்து ஒன்று அவர் சட்டைக் காலருக்குள் விழுந்துவிட்டது. "ஆ!" என்று துள்ளிக் கழுத்தில் அறைந்தார். எல்லோரும் நடுங்கிப் போனோம். அம்மா மட்டும் சாவதானமாகச் சொன்னாள்.

"கடிக்கட்டுங்க தொரை. அது வேல பாக்குது."

துரை கழுத்தைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். போகும்போது கண்டக்கையாவிடம், "இந்த மலை இப்படியே இருக்கட்டும்" என்றார். கீழ்லயம் அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டது.

பல வருசம் கழித்து, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தத்தால் பாதிச் சனம் இந்தியாவுக்குக் கப்பலேறிய காலத்தில், பெரியப்பாவும் போனார். மாத்தளை ஸ்டேசனில் பெட்டி, மூட்டை, அழுகை. சோற்றுப் பொட்டலம் கட்டித் தருகிறேன் என்று அம்மா ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தாள். அந்தச் சமயத்தில் பெரியப்பாவிடம் கேட்டேன்.

"பெரியப்பா, அன்னிக்கு மத்தப் பொட்டலத்துல என்னா பூ இருந்திச்சு?"

அவர் அம்மா நிற்கிற பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வெள்ளதான்."

"முனி கோவிக்கலையா?"

"எதுக்குக் கோவிப்பாரு? மொத நாளே தனியாப் போயி அவரக் கேட்டுட்டேன். அவரு வெள்ளையத்தான் குடுத்தாரு. சனத்துக்கு முன்னால மறுபடி கேட்டு அவரச் சந்தேகப்படச் சொல்றியா?"

ரயில் ஊதியது. அம்மா பொட்டலத்தோடு ஓடி வந்தாள். பெட்டி வாசலை அடைத்துக்கொண்டு வேறு தோட்டத்து ஆட்கள் நின்றார்கள். பெரியப்பா அவர்களைக் கையால் விலக்கி, அந்தக் காலத்தில் லயத்து முற்றத்தில் கத்தினாரே, அதே குரலில் கத்தினார்.

"தள்ளி நில்லுங்கப்பா! இது யாரு தெரியுமா? முசுறுக்காரி! எங்க மலையக் காப்பாத்துனவ! என் தம்பி பொஞ்சாதி!"

அம்மா பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நின்றாள். ரயில் கண்ணுக்கு மறைகிற வரை அப்படியே நின்றாள்.

இனி எந்தக் கலியாண வீட்டிலும் என்னைக் காட்டிச் சொல்லும்போது வாயைப் பொத்தாதீர்கள். பெரியப்பா சொன்ன மாதிரிச் சொல்லுங்கள், சத்தமாக.